பாதி மொழி

தமயந்தியும் அவள் கணவன் அதியனும் பள்ளியில் கணினி நிரல் எழுதக் கற்றது ‘பாதி’ என்ற மொழியில். கட்டளையைப் பாதி எழுதினால் போதும், மீதியை இயந்திரமே முடித்துவிடும். பிள்ளைகள் தலையை ஆட்ட வேண்டும், அவ்வளவுதான். திருத்தினால் மார்க் போய்விடும். இருவரும் பிரமாதமாக ஆட்டி, பெரிய கம்பெனியில் வேலைக்கும் சேர்ந்தார்கள்.

கல்யாணமானதும், பேச்சையும் முடித்துவைக்கட்டும் என்று வீட்டுச் சுவரிலும் அந்த இயந்திரத்தையே பொருத்திக்கொண்டார்கள். “எனக்குக் கொஞ்சம்...” என்று தமயந்தி இழுத்தால், “காபி வேணும்” என்று சுவர் முடிக்கும். வெந்நீர் கேட்க வந்தவள் காபியைக் குடித்துவிட்டுப் போவாள். இத்தனை படித்தவள் சுவரோடு மல்லுக்கு நிற்பாளா?

ஞாயிற்றுக்கிழமை இருவருக்கும் சண்டை. மதியம் அவளே இறங்கி வந்தாள். இனிமேல் சண்டை போட மாட்டேன் என்று சொல்லிவிடலாம்.

“இங்க பாருங்க, இனிமே நான் உங்ககூட...”

“வாழ மாட்டேன்,” என்றது சுவர்.

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதியன் முகம் வெளிறிவிட்டது.

“தமா, நீ நிஜமாவே...” என்றான் தழுதழுத்த குரலில்.

“போறதுன்னா இப்பவே கிளம்பு,” என்று சுவர் முடித்தது.

அவள் அவனைப் பார்த்தாள். அவனும் அவளைப் பார்த்தான். பிறகு இருவரும் அழுதுகொண்டே, நன்றாகப் படித்த பிள்ளைகளாகத் தலையை ஆட்டினார்கள்.