செவ்வாய்க்கிழமை வடை

ஒரு சாப்பாட்டுக் கடையின் நெற்றியில் பெரிய பெயர்ப் பலகை தொங்கியது. அதற்குக் கீழே, வாசலில், ஒரு கரும்பலகை சாய்ந்து நின்றது.

கரும்பலகைக்கு அலுத்துப் போயிருந்தது. தினமும் காலையில் முதலாளி பரமசிவம் ஈரத்துணியால் அதன் முகத்தைத் தேய்ப்பார், கிழமை போடுவார், அன்றைய பலகாரத்தை எழுதுவார். சாப்பிட்டுவிட்டுப் போகிறவர்கள் சாக்பீஸை எடுத்து ஓரத்தில், "சட்னியில உப்பு தூக்கல்" என்று கிறுக்குவார்கள்.

"உனக்கென்ன அண்ணே, ஒரு தடவை பெயின்ட் அடிச்சதோட சரி," என்று மேலே பார்த்துப் பெருமூச்சு விட்டது.

"என்னை எவன் நிமிர்ந்து பார்க்கிறான்? உன்கிட்டயாவது நாலு பேர் பேசுறாங்க," என்றது பெயர்ப் பலகை.

ஒரு செவ்வாய்க்கிழமை, "வாழைப்பூ வடை" என்று எழுதிய கையோடு பரமசிவம் மகள் வீட்டு விசேஷத்துக்குக் கிளம்பினார். சமையல்காரர் அடுப்பைப் பார்த்துக்கொண்டார்; பலகையைத் தொடவில்லை. அப்பாடா என்று கரும்பலகை கண்ணை மூடியது.

வெள்ளிக்கிழமை, வழக்கமாக வரும் இருவர் வாசலில் நின்றார்கள். வெயிலுக்குக் கட்டிய தட்டி கடையை மறைத்தது. உள்ளே தோசைக்கல் காய்ந்துகொண்டிருந்தது.

"செவ்வாய்க்கிழமை எழுதினது அப்படியே கிடக்கு. கடை இல்ல போலிருக்கு, வா," என்றார் ஒருவர். இருவரும் நடையைக் கட்டினார்கள்.

கரும்பலகை பதறியது. "அண்ணே, கடை திறந்திருக்குன்னு நீயாவது சொல்லேன்!"

"'தினமும் திறந்திருக்கும்'னுதான் எழுதியிருக்கு," என்றது பெயர்ப் பலகை சோர்வாக. "பெயின்ட் அடிச்ச நாள்லேருந்து அதையேதான் சொல்லிக்கிட்டிருக்கேன்."

கரும்பலகை தெருமுனையையே பார்த்துக்கொண்டு நின்றது. யாரும் தேய்க்காத முகம் அதற்கு அரிக்கத் தொடங்கியது.