மூன்றாம் எண் பெட்டி

இரண்டு பெட்டிகளிலும் புதன்கிழமைப் பதிவுதான் இருந்தது. வியாழக்கிழமையைக் காணோம்.

கனி மேசைக்குப் பின்னால் குனிந்து, பெட்டிகளின் முதுகில் திருகி வைக்கும் எண்களை மாற்றி வைத்துப் பார்த்தான். மறுபடியும் புதன்கிழமைதான்.

வண்ணார்பேட்டையில் அந்த ஒலிப்பதிவுக் கூடத்துக்குக் கம்ப்யூட்டர் வந்து ஒரு வருஷம்தான் ஆகிறது. பாட்டெல்லாம் அந்த இரண்டு டிஸ்க் பெட்டிகளில். மூன்றாம் எண் அசல், நான்காம் எண் நகல். தினமும் கடை சாத்தும்போது, மூன்றில் இருப்பதை அப்படியே நான்கின் மேல் கம்ப்யூட்டர் எழுதிவிடும். எந்தப் பெட்டி எது என்று அதற்குத் தெரியாது. எண் மட்டும்தான் தெரியும்.

வியாழக்கிழமை மத்தியானம், ஆயுதபூஜைக்காக முதலாளி பட்டாபி எல்லாவற்றையும் பளிச்சென்று துடைக்கச் சொன்னார். கனி ஈரத்துணியால் அழுத்தித் துடைத்தான். அசல், நகல் என்று ஒட்டியிருந்த தாள்கள் ஊறி உரிந்து வந்துவிட்டன. துணி பட்டு எண்களும் நகர்ந்துவிட்டன. சந்தனம் குங்குமம் வைத்துத் திரும்ப அடுக்கும்போது, தனக்குத் தெரியாததா என்று ஒன்றுக்கு மூன்றும் மற்றதற்கு நான்கும் வைத்தான்.

மாற்றி வைத்துவிட்டான். அன்று சாயங்காலம் பழைய நகல் அசலின் மேல் ஏறிக்கொண்டது.

பாவி, பாவி என்று மனசுக்குள் தன்னையே திட்டிக்கொண்டான்.

புதன்கிழமை தப்ஸ் மேளமும் பின்பாட்டும் மட்டும் பதிவாகின. காயல்பட்டினம் நூகு பாய் வந்து பாடியது வியாழன் காலையில், பூஜையன்று. மறுநாள் அவருக்குத் தொண்டையில் ஆபரேஷன். குரல்வளையையே எடுத்துவிடுவார்கள் என்று தெரிந்துதான் பாடினார். முப்பது வருஷம் கல்யாண வீடுகளில் பாடிய குரல், அதற்கு முன்பு எங்கேயும் பதிவானதில்லை. தான் திரும்பி வந்த பிறகுதான் பாட்டைத் திறக்கவேண்டும் என்று சொல்லிப் போயிருந்தார்.

வந்துவிட்டார். கழுத்தில் சுற்றிய துண்டோடு கனிக்குப் பின்னால் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவர் மனைவி ஜுபைதா பீவி.

"பைய வைங்க தம்பி, அவசரமில்ல. இதக் கேக்கணும்னுட்டு இவுஹ ராவெல்லாம் ஒறங்கல" என்றார் அந்த அம்மாள்.

சொல்லிவிடத்தான் கனி வாயைத் திறந்தான். பிறகு மூடிக்கொண்டு, இருந்ததைப் போட்டான்.

தப்ஸ் தாளம் ஒலித்தது. நூகு பாயின் குரல் வரவேண்டிய இடத்தில் ஒன்றுமில்லை. பிறகு நான்கு பேர் சேர்ந்து பதில் பாடினார்கள். மறுபடி ஒன்றுமில்லை. மறுபடி பதில்.

நூகு பாய் கண்ணை மூடிக்கொண்டு அந்த இடைவெளிகளில் உதட்டை அசைத்தார். ஓர் அடிகூடத் தவறவில்லை. ஜுபைதா பீவி கனியைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார்.

பாட்டு முடிந்ததும் நூகு பாய் சட்டைப்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து, எழுதி, அவன் கையில் கொடுத்தார்.

"நல்லா வந்திருக்கு. ஏஞ் சத்தத்த மட்டும் கொஞ்சம் கூட்டி வை."

கனி அவர் குரலுக்கான குமிழில் விரலை வைத்தான். அது ஏற்கெனவே கடைசிவரை ஏறித்தான் இருந்தது.