மோகனத்தில் ஒரு நிஷாதம்

“மேடம், வெளில கீற அந்தக் கடைசிப் பொண்ணு பின்னுது! அஞ்சு வாட்டி வர்ணத்த வாசிச்சிச்சு, ஒரு எடத்துல பிசிறு இல்ல. சீட்டு அதுக்குத்தான், எழுதி வெச்சுக்கோங்க” என்றார் அட்டெண்டர் கோதண்டம், டீ கிளாஸ்களை மேஜையில் வைத்துக்கொண்டே.

ஆவடிப் பக்கத்துப் பல்கலைக்கழகம் ஒன்றின் இசைத் துறை அது. அதன் வாசலில் இருபது வருஷம் நின்று கேட்ட காது கோதண்டத்துடையது. அவர் சொன்னால் தப்பாது. ஆனாலும் துறைத் தலைவர் மங்களத்துக்குப் பெருமூச்சுதான் வந்தது. வயலின் பட்டப்படிப்பில் மிச்சம் இருந்தது ஒரே ஒரு இடம். அதை யாருக்கு என்று முடிவு செய்ய வேண்டியவர் நடேசன்.

“நடேசன் சார்தான் எக்ஸாமினரான்னு மூணு வாட்டி கேட்டுச்சு மேடம். பாவம், பயந்துகினு கீது.”

பயப்படாமல் என்ன செய்யும்? வெளியிலிருந்து தேர்வு நடத்த வருகிற அந்த எழுபத்து மூன்று வயதுக்காரரிடம் ஒரு ஸ்வரம் பிசகினால் தீர்ந்தது. “போகலாம்” என்பார், அவ்வளவுதான். அழுதாலும் புரண்டாலும் மாற்ற மாட்டார்.

இன்னொரு பிடிவாதமும் அவருக்கு உண்டு. வாசித்து முடிக்கும்வரை விண்ணப்பத்தைத் தொடவே மாட்டார். பேரும் ஊரும் சாதியும் சிபாரிசும் காதுக்குள் போய்விடக் கூடாதாம்.

அந்தப் பெண் உள்ளே வந்து ஜமக்காளத்தில் உட்கார்ந்தாள். பதினெட்டு வயதிருக்கும். வயலின் பெட்டியின் கைப்பிடி அறுந்து, துப்பட்டாத் துணியால் கட்டியிருந்தது. சுருதி சேர்த்துவிட்டு மோகன ராக வர்ணத்தை ஆரம்பித்தாள்.

நடேசன் கண்ணை மூடிக்கொண்டு தொடையில் தாளம் போட்டார். கொஞ்ச நேரத்தில் அவர் தலை மெல்ல ஆடியது. மங்களத்துக்கு நம்பவே முடியவில்லை. பத்து வருஷத்தில் அந்தத் தலை யாருக்கும் ஆடியதில்லை.

சரணத்தின் மூன்றாவது ஸ்வர வரி வந்தது. இறங்கி வரும்போது, அந்த ராகத்தில் வரவே கூடாத ‘நி’ ஸ்வரமான நிஷாதத்தை வில் சின்னதாகத் தொட்டுவிட்டு வந்தது.

ஐயோ, கெடுத்துட்டியேம்மா என்று மங்களம் மனசுக்குள் அடித்துக்கொண்டார்.

“நிறுத்து” என்றார் நடேசன். “மோகனத்துல நிஷாதம் எங்கேருந்து வந்துச்சு? மறுபடி வாசி.”

வாசித்தாள். அதே இடம், அதே நிஷாதம்.

“யாரு சொல்லிக் குடுத்தது?”

“எங்கம்மா சார்.”

“உங்கம்மாவுக்குக் காது இல்லையா? தெரியாதவ எதுக்குச் சொல்லிக் குடுக்கணும்?”

அந்தப் பெண் தலையைக் குனியவில்லை. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பதட்டத்துல வந்திருக்கும் சார். மத்ததெல்லாம் எவ்ளோ சுத்தம்! வேற நல்ல கையும் இன்னிக்கி வரல” என்று மங்களம் குறுக்கே வந்தார்.

“பதட்டத்துல வர்ற தப்பு ரெண்டு தடவையும் ஒரே மாதிரி வராது மேடம். இது பழகின தப்பு. இத நான்...”

பாதியில் நின்றுவிட்டார். அவருக்கும் அது பழகின தப்புதான். பட்டாபிராம் வீட்டுக் கூடத்தில் எட்டு வயசு மகள் தினமும் அந்த நிஷாதத்தைத் தொடுவாள். “அழகாத்தானேப்பா இருக்கு” என்று வாதாடுவாள். வில்லாலேயே விரலில் அடித்திருக்கிறார்.

பிறகு ஒரு நாள், சர்ச்சில் கீபோர்டு வாசிக்கிற பையனைக் கட்டிக்கொண்டு அதே மகள் வாசலில் வந்து நின்றாள். அவளிடமும் “போகலாம்” என்றுதான் சொன்னார். அது ஆச்சு இருபத்திரண்டு வருஷம். அதற்கப்புறம் அந்த நிஷாதத்தை அவர் எங்கேயும் கேட்டதில்லை.

“அந்த அப்ளிகேஷனக் குடுங்க.”

மேஜையெல்லாம் தடவிக் கண்ணாடியைத் தேடினார். அது நெற்றியிலேயே இருந்தது. பெயர்: ஜெபா. தாயார் பெயர்: ஹேமாவதி. பக்கத்தில் சின்ன எழுத்தில் ‘லேட்’ என்று எழுதியிருந்தது.

“எப்போ?” என்று கேட்டார்.

“டிசம்பர்ல சார். கிட்னி ஃபெயிலியர்.”

நடேசன் அழுதார். அத்தனை பிள்ளைகளை அழவைத்து அனுப்பிய மனிதர், விண்ணப்பத்தால் முகத்தைப் பொத்திக்கொண்டு வாய்விட்டு அழுதார். மங்களம் பதறிப்போய்த் தண்ணீரை நீட்டினார். ஒன்றும் புரியாமல் கோதண்டம் கதவருகிலேயே நின்றார்.

“அவ்ளோ அடிச்சேனே... கடைசி வரைக்கும் திருத்திக்கவே இல்லையே பாவி. பெத்த புள்ளைக்கும் அதே தப்பச் சொல்லிக் குடுத்துட்டுப் போயிட்டாளே!”

ஜெபா கண்ணைத் துடைத்துக்கொண்டு வயலினை மறுபடி எடுத்தாள். அந்த ஒரு வரியை மட்டும் மூன்றாவது முறையாக வாசித்தாள். இந்த முறை நிஷாதம் வரவில்லை. அப்பழுக்கில்லாத மோகனம்.

வில்லை மடியில் வைத்துவிட்டுச் சொன்னாள்:

“அம்மா சரியாத்தான் சொல்லிக் குடுத்தாங்க, தாத்தா.”