ஏமாந்தவர்கள் பட்டியல்

"மெயில்னு ஒண்ணு உலகத்துல வந்த நாள்லேர்ந்து, என்னை ஏமாத்தின மெயில் ஒண்ணுகூடக் கிடையாது. இனிமே வரப்போறதும் இல்ல."

ஆபீஸ் மீட்டிங்கில் அட்டைப்பெட்டி கம்பெனியின் கம்ப்யூட்டர் பிரிவு இன்சார்ஜ் இப்படி அறிவித்தபோது யாரும் சிரிக்கவில்லை. சிரித்தவர்களின் பிரிண்டர் ஒரு வாரத்துக்கு வேலை செய்யாது என்பது அனுபவபூர்வமான உண்மை.

ஆபீஸில் அவருக்கு 'பூட்டு' என்று பெயர். தண்ணீர் கேனுக்கு மேலே அவர் ஒட்டியிருந்த நோட்டீஸ் அப்படி: 'மெயிலில் வரும் லிங்கில் பாஸ்வேர்டு போடுகிறவர் கம்ப்யூட்டரைத் தொடத் தகுதியற்றவர்.' கீழே கையெழுத்து, தேதி, ரப்பர் ஸ்டாம்ப்.

பதிலுக்கு அவரும் டெஸ்பாட்ச் அக்காவுக்கு ஒரு பெயர் வைத்திருந்தார். 'தொறக்கலாமா அக்கா.' எந்த மெயில் வந்தாலும் அக்கா முதலில் இன்டர்காமைத்தான் எடுப்பார். "தம்பி, ஒரு மெயில் வந்திருக்கு. தொறக்கலாமா?" மேனேஜரே அனுப்பியிருந்தாலும் இதே கேள்விதான்.

"வீட்டுக் கதவைத் தொறக்கவும் எனக்கு போன் பண்ணுவீங்களாக்கா?" என்று பூட்டு ஒருநாள் எல்லார் முன்னாலும் கேட்டார்.

"தெரியாத ஆளு தட்டினா பண்ணுவேன் தம்பி" என்றார் அக்கா.

இப்படிப்பட்ட ஜென்மங்களை வைத்துக்கொண்டு காலம் தள்ள முடியாது என்று பூட்டு மேனேஜரிடம் ஒரு யோசனை சொன்னார். சத்தமில்லாமல் எல்லாருக்கும் போலி மெயில் அனுப்ப வேண்டும். பாஸ்வேர்டைக் கொடுத்து ஏமாறுகிறவரின் கம்ப்யூட்டர் ஒரு மாதம் பறிமுதல். ஆள் ரெக்கார்டு ரூமில் உட்கார்ந்து பழைய ஃபைல்களைத் தூசி தட்ட வேண்டும்.

"கொஞ்சம் அதிகமா இல்ல?" என்றார் மேனேஜர்.

"பாவம் பார்த்தா பாஸ்வேர்டு போயிடும் சார்."

"சரி. ஆனா நீங்க அனுப்ப வேணாம், உங்க கைவரிசைன்னு கண்டுபிடிச்சிடுவாங்க. நான் வெளி ஆளை வெச்சு அனுப்பிக்கறேன். யார் யார் எதுல விழுவாங்கன்னு மட்டும் எழுதிக் குடுங்க."

பூட்டு அதை அனுபவித்து எழுதினார். ஸ்டோர்கீப்பர்: இலவச விமான டிக்கெட். கேஷியர்: முடி வளரும் தைலம். டெஸ்பாட்ச் அக்கா: மகளுக்கு காலேஜ் சீட்டு. இருபத்திரண்டு பேரின் பலவீனமும் ஒரே தாளில் அடங்கிவிட்டது. மேனேஜர் இரண்டு தடவை படித்தார். பிறகு பேனாவை எடுத்து அடியில் ஏதோ எழுதினார். கையெழுத்தாக இருக்கும்.

வெள்ளிக்கிழமை, பத்து மணி முதல் ஐந்து மணி வரை சோதனை. பூட்டு ரெக்கார்டு ரூம் சாவியை முன்னாலேயே வாங்கி மேசைமேல் வைத்துக்கொண்டார். புதுத் துடைப்பம் ஒன்றும் மூலையில் தயாராக நின்றது.

பதினொரு மணிக்கு இன்டர்காம் அடித்தது.

"தம்பி, பொண்ணுக்கு சீட்டு கிடைச்சிருக்குன்னு காலேஜ்லேர்ந்து மெயில் வந்திருக்கு. தொறக்கலாமா?"

பூட்டு தொண்டையைச் சரிசெய்துகொண்டார். "அதுக்கென்னக்கா, தாராளமா தொறங்க, உங்க இஷ்டம்."

"தினமும் எரிஞ்சு விழுவீங்க, இன்னிக்கு என்னமோ இனிக்க இனிக்கப் பேசறீங்க. எனக்கென்னவோ இது சரியாப் படல தம்பி. நான் காலேஜுக்கே போன் போட்டுக் கேட்டுக்கறேன்."

"இதுகளையெல்லாம் திருத்தவே முடியாது" என்று பூட்டு துடைப்பத்தைப் பார்த்துச் சொன்னார்.

அதற்குப் பிறகு எந்தப் பக்கமிருந்தும் தகவல் இல்லை. கேஷியரின் வழுக்கையைக் கண்ணாடித் தடுப்பு வழியாக நாலைந்து முறை எட்டிப் பார்த்தார். அதிலிருந்தும் ஒன்றும் தெரியவில்லை.

மணி நாலு பத்து. மேனேஜர் பெயரில் ஒரு மெயில் வந்து விழுந்தது. 'ரகசியம். இன்றைய சோதனையில் ஏமாந்த முட்டாள்களின் பட்டியல். உங்கள் பார்வைக்கு மட்டும்.'

பூட்டு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். முதல் பெயர் கேஷியரா? அல்லது அக்கா மத்தியானத்துக்கு மேல் மனசு மாறியிருப்பாரா? லிங்கை அமுக்கினார். பாஸ்வேர்டு கேட்டது. ரகசியப் பட்டியல் என்றால் கேட்கத்தானே செய்யும். அவசரத்தில் ஒருமுறை தப்பாக அடித்து, மறுபடி ஒவ்வொரு எழுத்தாகப் பொறுமையாக அடித்தார்.

பட்டியல் திறந்தது. ஒரே ஒரு வரி. 'கம்ப்யூட்டர் பிரிவு இன்சார்ஜ்.' அதற்குக் கீழே பொடி எழுத்தில்: 'ஒரு நிமிடம் முன்புவரை இந்தப் பட்டியல் காலியாக இருந்தது.'

சாவி மேசைமேல் அப்படியே இருந்தது. துடைப்பமும் மூலையில் அப்படியே நின்றது.

அடுத்த நிமிடமே இன்னொரு மெயில். அதுவும் மேனேஜர் பெயரில்தான். 'உங்கள் தண்டனையை ரத்து செய்ய இங்கே அமுக்கவும்.'

பூட்டு மவுஸைக் கிட்டே கொண்டுபோனார். கையை எடுத்துக்கொண்டார். மறுபடி கொண்டுபோனார். பிறகு எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து, இன்டர்காமில் டெஸ்பாட்ச் எண்ணை அமுக்கி, வாயைக் கையால் மறைத்துக்கொண்டார்.

"அக்கா, ஒரு மெயில் வந்திருக்கு. தொறக்கலாமா?"