புதுக் காசின் பின்புறம்

ரைன் ஆற்றங்கரைக் கோட்டைக்கு ரோமிலிருந்து சம்பளப் பெட்டி வந்தது. தளபதி வரேனஸ் முத்திரையை உடைத்தான். புது வெள்ளிக் காசுகளில் பேரரசரின் முகம் இல்லை. வரேனஸின் முகம் இருந்தது. அன்று காலை சவரத்தில் தாடையில் பட்ட காயமும் இருந்தது.

"என்னங்கய்யா, எங்ககிட்டகூடச் சொல்லாம பேரரசர் ஆயிட்டீங்களே!" என்று சிரித்தான் கொடிவீரன் டோசன்.

"வாய மூடுடா. தலை போயிடும்."

அதற்குள் காசு முற்றமெங்கும் கைமாறிவிட்டது. "பேரரசர் வரேனஸ் வாழ்க!" என்று வீரர்கள் கேடயங்களைத் தட்டினார்கள். மறுத்தால் இவர்கள் வெட்டுவார்கள். ஏற்றால் ரோம் வெட்டும்.

வரேனஸ் காசைத் திருப்பினான். எரியும் சிதை, அதன்மேல் பறக்கும் கழுகு. செத்துப்போன பேரரசர்களுக்கு மட்டுமே ரோமில் அப்படி அச்சடிப்பார்கள்.

அவன் வாய் திறப்பதற்குள், புதுப் பேரரசருக்குச் செய்வதுபோல் அவனைக் கேடயத்தில் ஏற்றி நான்கு பேர் தோளில் தூக்கிவிட்டார்கள்.