முதலில் வந்த சொல்

"படிக்கத் தெரியுமா, தெரியாதா? அதை மட்டும் சொல்லு."

பாதுகாப்பு அதிகாரி கமலக்கண்ணன் மேஜையைத் தட்டினார். எதிரே கரியப்பன் நின்றிருந்தான். வலது கையில் பெரிய கட்டு. அதற்குள் இரண்டு விரல்கள் இல்லை.

"தெரியும் சார்."

"மெஷின் மேல இருக்கற போர்டுல என்ன எழுதியிருக்கு?"

"கதவடைப்புக்குப் பிறகே இயந்திரத்தைச் சுத்தம் செய்யவும்னு எழுதியிருக்கு. கதவை அடைச்சேன். அப்புறந்தான் அடியில கையை விட்டுத் தொடச்சேன்."

உற்பத்தி மேலாளர் சின்னராஜ் சிரித்துவிட்டார். "நல்ல வேளை, பாத்ரூம் கதவைச் சாத்திட்டு வரல."

அது பிளாஸ்டிக் வார்க்கும் மெஷின். கதவைத் திறந்தால் நின்றுவிடும். மூடினால் ஓடும்.

விசாரணைக் குழுவில் நாங்கள் ஐந்து பேர். தொழிலாளர் தரப்பில் நான். கவனக்குறைவு என்று முடிவானால், கரியப்பனுக்கு இன்றோடு வேலை போய்விடும். உத்தனப்பள்ளியிலிருந்து ஒன்பது வருஷமாகக் கம்பெனி பஸ்ஸில் வருகிறவன்.

"கதவடைப்புன்னா கம்பெனியை இழுத்து மூடறதுப்பா. பேப்பர்ல பார்த்ததே இல்லையா?" என்றார் கமலக்கண்ணன்.

"எங்க வூட்ல கன்னடந்தாங்க சார். எழுத்துக் கூட்டிதான் படிப்பேன். கதவுன்னு இருந்துச்சு, அடைப்புன்னு இருந்துச்சு. அவ்ளோதான் புரிஞ்சுது."

கதவருகே ஒரு பெண் எழுந்தார். பொற்கொடி. ஓசூரில் வீட்டிலிருந்தே மொழிபெயர்ப்பு வேலை செய்பவர். அந்தப் போர்டைத் தமிழாக்கியவர். யாரும் கூப்பிடவில்லை, விபத்தைக் கேள்விப்பட்டு அவராகவே வந்திருந்தார்.

லேப்டாப்பைத் திறந்து எங்கள் பக்கம் திருப்பினார்.

"இது கலைச்சொல் தளம் சார். 'லாக்கவுட்'னு தேடினா ஏழு முடிவு வருது. முதல்ல நிக்கறது 'கதவடைப்பு'. அதுக்குக் கீழே பொடி எழுத்துல பாருங்க, 'துறை: தொழிலாளர் சட்டம்'. நமக்கு வேண்டியது அஞ்சாவதா இருக்கு. 'துறை: தொழிற்சாலைப் பாதுகாப்பு. மின்சாரத்தை நிறுத்திப் பூட்டுதல்.'"

"அதை ஏன் எடுக்கல?" என்று கேட்டார் கமலக்கண்ணன்.

"முதல்ல வர்றதுதான் சரியான சொல்லுன்னு நெனச்சுட்டேன் சார். அப்படி இல்ல. முதல்ல பதிவான சொல் முதல்ல நிக்குது, அவ்வளவுதான். துறையைப் பார்த்துத்தான் எடுக்கணும். நான் பார்க்கல. தப்பு என்னுது. அவர் மேல போடாதீங்க."

கரியப்பனின் கையைப் பார்க்காமலே பேசினார்.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

"ஏம்மா, நாலு வரி கீழ இறங்கிப் பார்க்க அவ்வளவு கஷ்டமா? இவனுக்கு ரெண்டு விரல் போச்சே!" என்றேன்.

அவர் தலை குனிந்தார். "நீங்க கேக்கறது நியாயங்க. அனுப்பறப்பவே, மெஷின் தெரிஞ்ச யாராவது ஒருமுறை படிச்சுப் பார்த்துட்டு மாட்டுங்கன்னு எழுதியிருந்தேன்."

"எங்க கண்ணுல பட்டிருந்தா விட்டிருப்பமா?" என்று சீறினார் கமலக்கண்ணன். பிறகு டைப் செய்துகொண்டிருந்த நிர்மலாவிடம் திரும்பினார்.

"எழுதிக்கோம்மா. போர்டில் பிழை இருந்ததை நிர்வாகத் தரப்பில் எவரும் அறியவில்லை. தொழிலாளி சந்தேகம் எதுவும் கேட்காமல், தன்னிச்சையாகச் செயல்பட்டுள்ளார். கவனக்குறைவு."

கரியப்பன் மெதுவாக நிமிர்ந்தான்.

"சந்தேகம் வந்துச்சுங்க சார். கேக்கலாம்னுதான் இருந்தேன். போர்டு மாட்டின அன்னிக்கு நீங்க எதிர்ல நின்னு படிச்சீங்க. சிரிச்சீங்க. செல்லுல போட்டோகூட எடுத்தீங்க. சாருக்கே புடிச்சிருக்கு, சரியாத்தான் இருக்கும்னு விட்டுட்டேன்."

அவன் குரலில் குற்றச்சாட்டு இல்லை. நடந்ததைச் சொன்னான், அவ்வளவுதான்.

நிர்மலாவின் விரல்கள் நின்றன.

"அது வேற போட்டோப்பா," என்றார் கமலக்கண்ணன். "நீ டைப் பண்ணும்மா. எல்லாரும் கையெழுத்தைப் போடுங்க, ஷிப்டு முடியப்போகுது."

காகிதம் மேஜையைச் சுற்றிக் கடைசியாக என்னிடம் வந்தது. பொற்கொடி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

போட்டேன்.

கமலக்கண்ணன் எடுத்த அந்தப் போர்டு போட்டோ எங்கள் வாட்ஸ்அப் குழுவுக்கு வந்த அன்று, முதல் சிரிப்புப் பொம்மையைப் போட்டவன் நான்தான்.