ஞானஸ்நானப் பரிசு

ஊழியர்களின் கையில் மின்னணுச் சிப் பதிக்கச் சொல்லி எந்த முதலாளியும் இனி வற்புறுத்த முடியாது. சட்டம் நிறைவேறியதற்கு அமெரிக்காவில், மொன்டானா மாநிலத்தின் அந்தச் சின்னக் கிறிஸ்தவச் சபையில் விருந்து.

“வலது கையில பதிக்கிறதா? அது பைபிள் சொல்ற மிருகத்தோட முத்திரை, சாத்தானோட அடையாளம்! நான் போறதும் வர்றதும் கர்த்தருக்குத் தெரிஞ்சாப் போதும்!” சட்டத்துக்காகப் போராடிய லொரீன் முழங்க, சபை “ஆமென்” என்றது.

தாமதமாக வந்த மகள் டெலேனியைச் சமையலறைக்குள் இழுத்தாள்.

“ஆத்தங்கரையில அந்தப் பையனோட என்னடி வேலை?”

“லைப்ரரியில இருந்தேம்மா...”

“புளுகாதே! மத்தியானத்துலேருந்து அங்கதான் இருந்தே.”

“யார் சொன்னா?”

லொரீனின் பார்வை மகளின் கழுத்துக்குப் போய்த் திரும்பியது.

ஞானஸ்நானத்தன்று அம்மா போட்டுவிட்ட சிலுவை. ‘குளிக்கும்போதுகூடக் கழற்றாதே’ என்ற சிலுவை. டெலேனி அதன் பின்மூடியை நகத்தால் நெம்பினாள். உள்ளே, இருக்குமிடத்தைக் காட்டிக்கொடுக்கும் சிப்.

“வலது கையை நீட்டும்மா” என்று சொல்லி, சிப்பை அதில் வைத்தாள்.